வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்னால்: வீடு கட்டுபவரோடு ஒப்பந்தம் எழுதுவது எப்படி?

எங்கள் வீட்டுக்கு ரூஃப் போட்டு மூன்றாவது வாரம். கான்கிரீட்டைத் தாங்க அடித்துப் பிரித்த சென்டரிங் பலகைகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டிருந்தார், 1,460 சதுர அடி. நான் வைத்திருந்த கணக்கு 1,310.

"போர்ட்டிகோ தொண்ணூறு, மாடிப்படி ஹெட்ரூம் அறுபது. தளம் போட்டா அளவுதானே தம்பி?" என்றார்.

150 சதுர அடி, ரேட் 2,100 ரூபாய். 3,15,000 ரூபாய் வித்தியாசம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதை இப்போதும் சொல்வேன். அவர் பழகிய வழக்கத்தில் கான்கிரீட் தளம் போட்ட இடமெல்லாம் கணக்கில் சேரும். நான் சுவருக்குள் இருக்கும் வீட்டை மட்டும் அளந்துவைத்திருந்தேன். ரேட் பேசிய அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தோம், சதுர அடி என்றால் எதுவரை என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கடைசியில் பாதிக்குப் பாதி என்று 1,57,500 கொடுத்தேன். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவில்லை, நானும் சந்தோஷமாகக் கொடுக்கவில்லை.

ஒப்பந்தம் என்றதும் பலருக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வருகிறது. 'நம்ம மாமா சொன்ன ஆள், அவரிடம் போய் பத்திரம் கேட்டால் என்ன நினைப்பார்' என்ற கூச்சம் வேறு. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால்தான் எதையெல்லாம் பேசாமல் விட்டோம் என்பது தெரியும், அதற்காகவாவது எழுதுங்கள். சட்டப்படி பார்த்தால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், ஆனால் என்ன பேசினோம் என்று நிரூபிக்கிற பாடு உங்கள் தலையில் விழும்.

நான் பட்டதையும், அதற்குப் பிறகு என் மச்சினர் வீட்டுக்கு நானே உட்கார்ந்து எழுதியதையும் வைத்து இதைச் சொல்கிறேன். சொந்த மனையில், ஒரு கான்ட்ராக்டரை வைத்துத் தனி வீடு கட்டுபவர்களுக்கானது இது. அபார்ட்மென்ட் வாங்குவது வேறு கதை. அங்கே ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறது, கட்டமைப்பில் குறை வந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷம்வரை கட்டி விற்கும் புரொமோட்டரே சரிசெய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சொந்த மனையில் கான்ட்ராக்ட் விடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது, நாம்தான் எழுதி வாங்க வேண்டும்.

முதல் வேலை: ரேட் கேட்காதீர்கள், டிராயிங் வாங்குங்கள்

ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது "சதுர அடி என்ன ரேட்?" கையில் பிளான் இல்லாமல் சொல்லும் ரேட்டுக்கு அர்த்தமே கிடையாது. அனுமதி வாங்கிய பிளான், கம்பி விவரம் உள்ள ஸ்ட்ரக்சுரல் டிராயிங், எலெக்ட்ரிகல் பாயின்ட் எங்கெங்கே என்ற தாள், இந்த மூன்றும் முதலில் வேண்டும். மூன்றையும் ஒப்பந்தத்தோடு இணைத்து ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுபவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. சுலபம்தான், ஆனால் சான்று கொடுப்பது நீங்கள். "ஒரு அடி தள்ளிக்கட்டினா ஹால் பெருசாயிடும், யார் வந்து பாக்கப்போறா" என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போவார், பின்னால் நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். அதனால் 'அனுமதி பெற்ற பிளானை விட்டு விலகிக் கட்டக் கூடாது' என்று ஒரு வரி.

இரண்டாவது: லேபர் கான்ட்ராக்டா, முழு கான்ட்ராக்டா

லேபர் கான்ட்ராக்டில் சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் நீங்கள் வாங்கிப்போடுவீர்கள், கூலி மட்டும் அவருக்கு. முழு கான்ட்ராக்டில் சாவி கொடுக்கும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே 'மெட்டீரியல் அவர், டைல்ஸும் பிட்டிங்கும் நீங்கள்' என்று ஒரு வகை இருக்கிறது, அதில்தான் தகராறு அதிகம். யார் எதை வாங்குவது, வாங்கியதை யார் இறக்கி அடுக்குவது, மிச்சமானால் யாருக்கு, எல்லாம் எழுத வேண்டும். சென்டரிங் பலகை வாடகை, மிக்சர், வைப்ரேட்டர் ஆகியவை லேபர் ரேட்டில் சேர்ந்ததா என்று தனியாகக் கேளுங்கள். பல பேர் கேட்பதில்லை.

ஜிஎஸ்டியை இந்த இடத்திலேயே பேசிவிடுங்கள். தனி வீட்டுக்குக் கூலி மட்டுமே உள்ள கான்ட்ராக்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மெட்டீரியலோடு சேர்ந்த கான்ட்ராக்டுக்கு, அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால் 18 சதவீதம். 28,80,000 ரூபாய் வேலைக்கு அது மட்டும் 5,18,400 ரூபாய். 'ரேட்டில் வரி அடக்கம்' என்ற மூன்று சொல் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

மூன்றாவது: அளவு. இங்கே நிதானமாக உட்காருங்கள்

என் பணம் போன இடம் இது. சதுர அடி ரேட் பேசும்போது எது முழு அளவு, எது பாதி அளவு, எது கணக்கிலேயே சேராது என்று மூன்று பட்டியல் போடுங்கள். போர்ட்டிகோ, பால்கனி, மாடிப்படி ஹெட்ரூம், சன்ஷேட், லாஃப்ட், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு பட்டியலில் போட்டே ஆக வேண்டும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர்வெல், மாடியில் தட்டோடு அல்லது கூலிங் டைல்ஸ் போன்றவை சதுர அடி ரேட்டுக்குள் வருகிறதா, தனி ரேட்டா என்றும் எழுதுங்கள். தனி என்றால் இன்றே தொகை பேசுங்கள், வீடு பாதி எழும்பியபிறகு பேரம் பேச நமக்குத் தெம்பு இருக்காது.

மச்சினர் வீட்டு ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதியது இப்படி: "வெளிச்சுவரின் வெளிமுகம் முதல் வெளிமுகம் வரை அளக்கப்படும். போர்ட்டிகோவும் ஹெட்ரூமும் பாதி அளவாகக் கொள்ளப்படும். சன்ஷேட், லாஃப்ட், கைப்பிடிச் சுவர் ஆகியவற்றுக்குத் தனி அளவு கிடையாது. மொத்த அளவு 1,200 சதுர அடி, சதுர அடிக்கு ரூபாய் 2,400 வீதம் மொத்தத் தொகை ரூபாய் 28,80,000." வக்கீல் தமிழ் இல்லை, ஆனால் படித்தால் புரியும், அது போதும்.

அஸ்திவார ஆழத்தையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் வல்லம் பக்கம் செம்மண் மேடு, கிழக்கே அம்மாபேட்டை பக்கம் போனால் வயல் களி. ஒரே கான்ட்ராக்டர் இரண்டு இடத்துக்கும் ஒரே ரேட்டைச் சொல்லிவிட்டு, களியில் வானம் தோண்டியபிறகு "இன்னும் ரெண்டு அடி போகணும்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதனால் இத்தனை அடி ஆழம்வரை ரேட்டில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதினால் அன்றைக்குக் குழி ஓரத்தில் நின்று வாதாட வேண்டாம். மண் பரிசோதனை செய்திருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது: 'நல்ல குவாலிட்டி' என்று எழுதாதீர்கள்

'முதல்தரப் பொருட்கள்' என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. சிமென்ட் என்றால் இரண்டு மூன்று பிராண்டு பெயர்களும் ஓபிசியா (சாதா போர்ட்லேண்ட் சிமென்ட்) பிபிசியா (ஃபிளை ஆஷ் போன்றவை கலந்தது) என்பதும், கம்பி என்றால் எஃப்இ 500 அல்லது எஃப்இ 550 என்ற வலிமைத் தரமும் பிராண்டும். செங்கல் சூளைக்கல்லா, சேம்பர் கல்லா, ஃபிளை ஆஷா. கட்டுவேலைக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), பூச்சுக்கு பி-சாண்ட் (அதிலேயே நைசானது). கான்கிரீட் எம்20 தரம். வயர், சுவிட்ச், பைப், பிட்டிங் எல்லாவற்றுக்கும் பிராண்டு. டைல்ஸ், கதவு, கிரானைட்டுக்கு மட்டும் பிராண்டுக்குப் பதில் 'சதுர அடி இவ்வளவு ரூபாய் வரை' என்று வரம்பு போடலாம், கடையில் போய் அதைவிட விலை கூடியதை எடுத்தால் வித்தியாசம் உங்களுடையது.

செய்முறையையும் எழுதலாம், கான்ட்ராக்டர் கோபிக்க மாட்டார். நம் வெயிலுக்கு கான்கிரீட்டை 14 நாள் நனைக்க வேண்டும். ரூஃப் சென்டரிங்கை 14 நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது. ரூஃப் போடும் அன்று அதே கான்கிரீட்டில் கியூப் (சோதனைக் கட்டி) வார்த்தெடுத்து 28-ஆம் நாள் சோதிக்க வேண்டும், எம்20 என்றால் அந்தக் கியூப் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இந்தச் சோதனைக்கு வசதி உண்டு, செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கம்பியை நீங்களே சோதிக்கலாம். 12 மிமீ கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, அதாவது 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ. தராசில் போட்டுப் பார்த்தால் ரொம்பக் குறைந்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாவது: பணம்

ஒரே விதிதான், செய்த வேலைக்குப் பின்னால் பணம் போக வேண்டும், முன்னால் போகக் கூடாது. 30 சதவீதம் அட்வான்ஸ் கேட்பவர் அநேகமாக அந்தப் பணத்தில் போன சைட்டை முடிக்கப்போகிறார்.

மச்சினர் வீட்டில் இப்படிப் பிரித்தோம். கையெழுத்தன்று 5 சதவீதம், பேஸ்மென்ட் (தரைமட்ட மேடை) முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் உத்திரம்) மட்டத்தில் 15, ரூஃப் போட்டதும் 20, உள்-வெளி பூச்சு முடிந்ததும் 15, தரை, கதவு, ஜன்னல் முடிந்ததும் 15, பெயின்ட்டும் பிட்டிங்கும் முடித்துச் சாவி கொடுக்கும்போது 10. மிச்சம் 5 சதவீதம், அதாவது 1,44,000 ரூபாய், ஒரு மழைக்காலம் கழிந்தபிறகு. கான்ட்ராக்டர் இந்தக் கடைசி வரிக்குத்தான் முகத்தைச் சுளித்தார். ஒரு வருஷம் என்று ஆரம்பித்து, ஐப்பசி கார்த்திகை மழை முடியும்வரை என்று ஒத்துக்கொண்டோம். பேசிப் பேசி எங்காவது வந்து நின்றால் சரி.

வீட்டுக்கடன் வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் பிரிவுகளை வங்கி பணம் விடும் கட்டங்களோடு ஒட்டவையுங்கள். இல்லாவிட்டால் வங்கி, ரூஃப் முடிந்து ஆள் வந்து பார்த்தபிறகுதான் அடுத்த தவணை விடும், கான்ட்ராக்டருக்கோ லிண்டலிலேயே கொடுக்க வேண்டியிருக்கும், நடுவில் நகையை அடகு வைத்துக்கொண்டு நிற்பீர்கள். பணம் முடிந்தவரை வங்கி வழியாகவே போகட்டும். ரொக்கம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அன்றே தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே வேலைக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது, அவரிடம் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

ஆறாவது: நாள்

தொடங்கும் தேதி, முடிக்கும் தேதி, நடுவில் ரூஃப் போட வேண்டிய தேதி. வெறும் 'எட்டு மாதத்தில்' என்று எழுதாமல் தேதியாகவே எழுதுங்கள். ஆடியில் தொடங்க மாட்டார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போனால் பத்து நாள் வர மாட்டார்கள், டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை வேறு. இதையெல்லாம் கழித்துக்கொண்டு போடுங்கள், நடக்காத தேதியைப் போட்டால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

தாமதத்துக்கு ஒரு தொகை எழுதலாம், ஆனால் மிரட்டலுக்காக 'நாளுக்கு 10,000' என்று போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட்டு கொடுக்கும். நீங்கள் இருக்கும் வீட்டு வாடகை, கடனுக்கு ஏறும் வட்டி, இரண்டையும் கூட்டி மாதம் இவ்வளவு என்று எழுதினால் கேட்பவருக்கும் நியாயமாகப் படும். நீங்கள் பணம் தாமதித்தால் அத்தனை நாள் அவருக்கும் தள்ளிப்போகும் என்று எதிர்ப்பக்கமும் எழுதுங்கள்.

ஏழாவது: கூடுதல் வேலை, அப்புறம் மாமனார்

மச்சினர் வீட்டில் அவருடைய மாமனார் தினமும் காலையில் சைட்டுக்கு வந்துவிடுவார். நல்ல மனுஷர். "இந்த இடத்துல ஒரு அலமாரி வச்சிரு, அந்த ஜன்னலை ரெண்டு அடி நகத்து" என்பார், கொத்தனாரும் செய்துவிடுவார், மாதக் கடைசியில் பில் வரும். இரண்டாவது பில்லிலேயே நாங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது: "கூடுதல் வேலையோ மாற்றமோ, உரிமையாளர் வாட்ஸாப்பில் எழுதி, கான்ட்ராக்டர் தொகையைச் சொல்லி, உரிமையாளர் சரி என்று பதில் போட்டபிறகே செய்யப்பட வேண்டும். வேறு யார் சொல்லிச் செய்தாலும் தொகை கிடையாது." மாமனாருக்கு இரண்டு நாள் வருத்தம். பிறகு அவரே "எழுதி அனுப்பிட்டேன் மாப்பிள்ளை, பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

விலை ஏற்றத்தையும் இங்கே சேருங்கள். சிமென்ட், கம்பி விலை ஏறினால் கூடுதல் கேட்பாரா? ஒன்று, கேட்கக் கூடாது என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்தன்று உள்ள விலையைக் குறித்துவைத்து, இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் மட்டும் வித்தியாசம் தருவதாக எழுதுங்கள். விலை இறங்கினால் அதே கணக்கில் உங்களுக்குக் குறைய வேண்டும், இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சின்னதாகத் தெரிந்தாலும் விடக்கூடாதவை

தற்காலிக மின் இணைப்புக் கட்டணம் யாருடையது, தண்ணீர் யார் கொடுப்பது, பொருளுக்குக் காவல் யார். சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் மருத்துவச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் கான்ட்ராக்டர் பொறுப்பு என்று எழுதுவதோடு, வேலை நடக்கும் காலத்துக்கு அவர் காப்பீடு எடுத்த நகலையும் வாங்கிவையுங்கள், சும்மா எழுதிவைத்த பொறுப்பு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. ஒழுகல், விரிசல், பைப் கசிவுக்கு எத்தனை மாதம், கட்டமைப்புக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று தனித்தனியாகப் போடுங்கள், ரெராவின் 5 வருஷத்தையே அளவுகோலாகக் கேட்கலாம்.

பாதியில் பிரிய வேண்டிவந்தால் எப்படி என்பதையும் எழுதுங்கள். கல்யாணத்தன்று விவாகரத்து பேசுகிற மாதிரி இருக்கும், பரவாயில்லை. காரணம் சொல்லாமல் 15 நாள் வேலை நிற்கிறது, எழுத்தில் கேட்டும் 7 நாளில் ஆள் வரவில்லை, அப்போது இருவருக்கும் பொதுவான ஒரு இன்ஜினியர் அதுவரை நடந்த வேலையை அளந்து மதிப்புப் போடுவார், கணக்குத் தீர்த்து வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். அந்த இன்ஜினியரின் பெயரை அன்றே எழுதிவிடுங்கள், சண்டை வந்தபிறகு பொது ஆள் கிடைக்க மாட்டார்.

கையெழுத்து

ஏற்ற மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதுங்கள், எவ்வளவு என்பதை வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை குறைந்தால் குறைந்ததையும் அபராதத்தையும் கட்டும்வரை அதைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். முதல் தாள் மட்டும் முத்திரைத்தாள், மிச்சம் சாதாரணத் தாள் என்று இருந்தால் எல்லாத் தாளிலும் கையெழுத்து. இரண்டு சாட்சிகள், இருவரின் அடையாள அட்டை நகல், ஆளுக்கு ஒரு பிரதி. மனை மனைவி பெயரில் இருந்தால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும், கணவர் போட்டால் போதும் என்று விடாதீர்கள். எதிர்ப்பக்கம் நிறுவனம் என்றால் கையெழுத்துப் போடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் அச்சடித்த ஃபார்மை நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தகராறு வந்துவிட்டால்

முதலில் போட்டோவும் தேதியும். கம்பி கட்டியபிறகு, கான்கிரீட் போடும்முன், பைப்பை மூடும்முன் எடுத்த படங்கள் பின்னால் எடுக்கவே முடியாதவை. பிறகு எழுத்தில் குறையைச் சொல்லி நாள் கொடுங்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ்.

வீடு கட்டித்தருவது நுகர்வோர் சட்டத்தில் 'சேவை'க்குள் வருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், சிவில் கோர்ட்டு என்றால் பொதுவாக 3 வருஷம். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு) ஷரத்து இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

மச்சினர் வீட்டில் அதுவரை போகவில்லை. கார்த்திகை மழையில் மாடி பாத்ரூமுக்குக் கீழே ஹால் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்தது. போட்டோ அனுப்பினோம். மூன்றாம் நாள் ஆளோடு வந்து டைல்ஸைப் பெயர்த்து வாட்டர் புரூஃபிங் மறுபடி போட்டுக்கொடுத்தார், காசு கேட்கவில்லை. மார்கழிப் பிறப்புக்கு முந்தின நாள் வந்து 1,44,000 ரூபாய்க்குச் செக் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அந்த ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், அடுத்த சைட்டுக்கு வேண்டுமாம்.